குள்ளம்மாள் கேட்ட மன்னிப்பு

9 ஜூலை 1984, அரூர்
புழுக்கம் தாங்கவில்லை. மாலை வக்கீல் சங்கக் கூட்டம். சத்துணவு சாப்பிட்டு இரண்டு பிள்ளைகள் இறந்தார்களே, அந்தச் சமையல்காரி குள்ளம்மாளுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று தீர்மானம். எல்லோரும் கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. வீரமெல்லாம் இல்லை. காலையிலேயே சப்ஜெயிலில் அவளிடம் வக்காலத்துக்குக் கைநாட்டு வாங்கிவிட்டேன்.

அவள் சொன்னது: "அரிசியில பூச்சி மருந்து வாடை அடிச்சுதுங்க. ஆபீசரய்யாகிட்ட சொன்னேன். கழுவிப் போடுன்னாருங்க. நானும் அதத்தான் தின்னேன்."

12 ஜூலை
வாசல் கதவில் சாணி அடித்திருக்கிறார்கள். என் மனைவி ஹசீனாதான் கழுவினாள். திட்டியிருந்தால் தேவலை.

20 ஜூலை
குள்ளம்மாள் சொன்ன சத்துணவு ஆபீசர் ராஜாமணி அந்தப் பிள்ளைகளின் ஊருக்குப் போனார். நானும் கூட்டத்தில் ஓரமாக நின்றேன். "நடந்த சம்பவத்திற்கு வருந்துகிறோம். யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் மன்னிக்கவும்."

மனமா? செத்தது பிள்ளைகள். ஜீப்பைக்கூட அணைக்கவில்லை. அதற்கும் கை தட்டினார்கள்.

3 ஆகஸ்ட்
ஜாமீன் கையெழுத்துப் போட ஒரு ஆள் இல்லை.

18 மார்ச் 1985
ராஜாமணி சாட்சிக் கூண்டில். அரிசி பற்றி யாரும் தன்னிடம் சொல்லவே இல்லையாம். "அப்புறம் ஊரில் எதற்கு மன்னிப்புக் கேட்டீர்கள்?" என்றேன். "அது ஒரு மரியாதைக்கு" என்றார். மாஜிஸ்திரேட் தலையாட்டினார்.

அடுத்து மாரப்பன், மகனைப் பறிகொடுத்தவர். "அன்னிக்கே குள்ளம்மா எங்க காலுல வுழுந்தாளுங்க. என் கையால போச்சு, மன்னிச்சிருங்கன்னு அழுதா." அரசு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டாளாம்.

இந்தப் பக்கம் மாடு முட்டி ஆள் செத்தாலும் மாட்டுக்காரன் போய்க் காலில் விழுவான், இதே வார்த்தையைச் சொல்வான். அது வழக்கம்தானே என்று கேட்டேன். "ஆமாங்க" என்றார் மாரப்பன். பொய் சொல்லத் தெரியாத மனிதர். மாஜிஸ்திரேட் வெளியூர்க்காரர். நிமிர்ந்தே பார்க்கவில்லை.

2 ஏப்ரல்
இரண்டு வருஷம். அவள் கேட்ட மன்னிப்பே சாட்சி என்று தீர்ப்பு.

வேனில் ஏறும்போது கேட்டாள்: "ஆபீசரய்யாவும் மன்னிப்பு கேட்டாருங்களே. அவருக்கு எத்தன வருசங்க?"

அப்பீல் போடுவோம் என்றேன். அதையா கேட்டாள் அவள்?

17 ஜூன்
ராஜாமணிக்குப் பதவி உயர்வு. சங்கத்தில் டீ பார்ட்டி. நான் போகவில்லை.

30 ஆகஸ்ட்
வேலூர் ஜெயிலில் குள்ளம்மாள் இறந்துவிட்டாள். காய்ச்சலாம். அப்பீல் இன்னும் விசாரணைக்கே வரவில்லை. இந்தக் கறுப்புக் கோட்டைப் போட்டு என்ன கிழித்தேன்?

4 செப்டம்பர்
காலையில் மாரப்பன் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சட்டென்று என் காலில் விழுந்துவிட்டார். "அவளுக்குன்னு யாருமில்லீங்க, உங்க காலுலதான் வுழுவணும். என் வாயால போச்சுங்க. மன்னிச்சிருங்க."

தூக்கி நிறுத்தினேன். அதற்கு முன்னால், யார் காதிலாவது விழுந்திருக்குமோ என்று வாசலைத்தான் பார்த்தேன்.