படிவம் விழுங்கிய பேச்சு

அக்கா,

இன்று காலை பழைய புக்கிங் பதிவுகளைப் புதிய படிவத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மல்லசமுத்திரத்து விவசாயி ஒருவரின் பதிவில், குறிப்புப் பெட்டிக்குள் நீ தட்டியது முழுசாக வந்து நின்றது: "மாடு கன்னுக்குக்கூடத் தண்ணியில்லீங்க, வெரசா வாங்க." நீ பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பது போலவே இருந்தது. உன்னைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்துவிட்டேன்.

திருச்செங்கோட்டில், போர்வெல் போடும் நம் ரிக் லாரி ஆபீஸில் போன் எடுப்பவள் நீ. ஊரும், எத்தனை அடி ஆழம் என்பதும் எழுதினால் போதும். நீயோ கூப்பிட்டவர் சொன்னதை அவர் பேச்சாகவே மேற்கோள் குறிக்குள் எழுதுவாய். "அடியை மட்டும் எழுதுனா அவங்க அவசரம் டிரைவருக்கு எப்படித் தெரியும் சாமி?" என்பாய்.

படிவத்தை உருவாக்கும் ஸ்கிரிப்ட் நான் எழுதியது. பெட்டிக்குள் காட்டவேண்டியதை அது இரண்டு மேற்கோள் குறிகளுக்கு நடுவே வைக்கும். நடுவில் உன் குறி வந்தால், விஷயம் அங்கேயே முடிந்தது என்று மிச்சத்தை விட்டுவிடும். அப்படியே மறுபடி சேமித்தால் மிச்சம் ஒரேயடியாகப் போய்விடும்.

"ஏஞ்சாமி, உன்ற ஃபாரம் பாதியை முழுங்கிருச்சு பாரு" என்று ஒருநாள் கூப்பிட்டாய். தப்பு என்னுடையது என்று தெரிந்தும் சிடுசிடுத்தேன். "அந்தக் குறியெல்லாம் போடாதக்கா. அளவை மட்டும் எழுது."

"செரி சாமி" என்றாய்.

திருத்தம் ஒரே வரிதான் அக்கா. பெட்டிக்கு அனுப்புமுன் அந்தக் குறியை வேறு குறியீடாக மாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் செய்யவில்லை. நீ போய் மூன்றாம் மாதம் செய்தேன்.

மதியம்வரை உன் பதிவுகளையெல்லாம் திறந்தேன். நான் சிடுசிடுத்த நாளுக்கு முந்தையவற்றில், யாரும் திறந்து மறுபடி சேமிக்காதவை மட்டும் பேசுகின்றன. அதற்குப் பிறகு ஊர், அடி, தேதி. ஒரு வருஷம் முழுக்க உன் சத்தமே இல்லை. உன்னைப் பேசவிடாமல் செய்தவன் நான்தான். உன் குரலில் இன்னொரு வரி கிடைக்காதா என்று கடைசிப் பதிவுவரை தேடினேன். கிடைக்கவில்லை.

இப்போது ஆபீஸ் போனை நானே எடுக்கிறேன். சாயங்காலம் ஓர் அம்மா கூப்பிட்டார். ஊரைக் கேட்டு எழுதினேன், அடியைக் கேட்டு எழுதினேன். வைக்கப்போனவரிடம், "வேற ஏதாச்சும் சொல்லோணுங்களாம்மா?" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். நான் மேற்கோள் குறியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.