ஏங்க என்று தட்டினால்

தோஹா
2025 மார்ச் 4

அன்புள்ள கிருஷாந்தி,

சுகமாக இருக்கிறாயா? தொண்டையில் தையல் போட்ட இடம் இன்னும் இழுக்கிறதா? போனில் நான் பேச நீ தலையாட்டுவதைவிட எழுதுவது மேல் என்று நீ சொன்னது சரிதான்.

ஒரு சங்கதி. எங்கள் இசைக்கருவிக் கடையில் இரண்டு வாரமாக ஒரே பேச்சு. ஜப்பானிலிருந்து ஒரு சின்னக் கீபோர்ட் வரப்போகிறதாம். தோளில் மாட்டிக்கொண்டு போகலாமாம். ஒரு சொல்லைத் தட்டிவிட்டுக் கட்டையை அமுக்கினால், அந்தச் சொல்லை அதே சுருதியில் மனிதக் குரலில் பாடுமாம்! என்னோடு வேலை செய்யும் ஹட்டன் ஊர்க்காரன் ராசிக் இன்னும் ஒரு படி மேலே போய், யார் குரலைப் பதிந்து கொடுத்தாலும் அந்தக் குரலிலேயே பாடும் என்கிறான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கட்டியோடு உன் குரலும் போய் எட்டு மாதமாகிறதே.

என் போனில் உன் குரல் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. உன்னைக் கேட்காமல் இங்கே இன்னும் இரண்டு வருட வேலைக்கு நான் கையெழுத்துப் போட்ட அன்று அனுப்பினாயே, "இனிமே ஒங்களோட பேசவே மாட்டேன், போங்க" என்று. அதையா மெஷினுக்குக் கொடுப்பது? கோயிலில் நீ பாடியது யாரிடமாவது இருந்தால் வாங்கி அனுப்பு.

உன்
துஷாந்த்

மஸ்கெலியா
2025 மார்ச் 21

அன்புள்ள உங்களுக்கு,

சுகம். உங்கள் கடிதத்தைப் பக்கத்து வீட்டு மீனம்மாக்காவிடம் காட்டியது என் புத்தி. காலையில் காட்டினேன், தேயிலைக் கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குள் மலை முழுக்கத் தெரிந்துவிட்டது. "கிருஷாந்திக்கு ஜப்பான்ல தொண்ட செய்யிறாங்களாம்" என்கிறார்கள். மீனம்மாக்கா தன் பங்குக்கு, "அதுக்குச் சளி புடிச்சா என்னாடி பண்ணுவ?" என்று கேட்கிறார். சிரித்தேன். சத்தமில்லாமல் சிரிக்கப் பழகிவிட்டேன்.

எனக்கும் ஆச்சரியம் தாங்கவில்லை. கொழுந்து பறிக்கும்போதெல்லாம் அதே நினைப்புதான். தொண்டையே இல்லாத ஒன்று பாடுமா? மூச்சை எங்கிருந்து எடுக்கும்?

திருவிழா வீடியோ ஒன்று கிடைத்தது. தப்பு மேளச் சத்தத்தில் என் குரல் கேட்கவேயில்லை.

அந்த மெசேஜை அழித்துவிடுங்கள். பேச மாட்டேன் என்று சொன்னேன், அப்படியே ஆகிவிட்டது. ஆபரேஷனுக்கு முன்னால் உங்களை அழைத்து ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். என் வீம்பு விடவில்லை. அந்த மெஷின் நிஜமாகவே வந்தால் பாட்டெல்லாம் வேண்டாம். "ஏங்க" என்று மட்டும் கூப்பிடச் சொல்லுங்கள். பன்னிரண்டு வருடமாக உங்களை நான் வேறெப்படியும் கூப்பிட்டதில்லை.

கோபம் கொஞ்சம் மிச்சமிருக்கும்
கிருஷாந்தி

தோஹா
2025 ஏப்ரல் 9

கிருஷா,

அது வந்துவிட்டது. விற்க அல்ல, காட்டுவதற்காக ஒன்றே ஒன்று. ராசிக் சொன்னது புரளி. யார் குரலையும் அதற்குள் வைக்க முடியாது. உள்ளே இருப்பது யாரோ ஒரு பெண்ணின் குரல். ஆனால் பாடியது, கிருஷா! கடையிலிருந்த ஆறு பேரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். ராசிக் "யா அல்லாஹ்" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். நீ கேட்டாயே, மூச்சு எடுக்கும் சத்தம்கூட வந்தது.

மத்தியானம் எல்லாரும் தொழுகைக்குப் போனதும் உன் சொல்லைத் தட்டினேன். தமிழ் எழுத்து அதில் இல்லை, இங்கிலீஷ் எழுத்தில்தான் தட்ட வேண்டும். குறில் நெடில் அதற்கு என்ன தெரியும்? கட்டையை அமுக்கினேன். "எங்க?" என்றது. மறுபடி அமுக்கினேன். "எங்க? எங்க?"

கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். உன் கழுத்தை அறுத்த அன்று நான் எங்கே இருந்தேன்? வீட்டுக்காகத்தான் கையெழுத்துப் போட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். கேட்டால் நீ வேண்டாம் என்பாய் என்று பயந்துதான் கேட்காமல் போட்டேன்.

அந்த மெசேஜை அழிக்க மாட்டேன். கோபமானாலும் அது உன் குரல். முதலாளியிடம் பேசிவிட்டேன், மே முதல் வாரமே போகலாம் என்கிறார். இந்தத் தடவை உன்னைக் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டேன். நான் வரலாமா?

துஷாந்த்

மஸ்கெலியா
2025 ஏப்ரல் 28

ஏங்க,

கேட்க வேண்டிய அன்றைக்குக் கேட்கவில்லை, கேட்கவே வேண்டாத இன்றைக்குக் கேட்டு எழுதுகிறீர்கள். நல்ல ஆள்தான் போங்கள். நான் பதில் எழுதி அது வந்து சேரும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பீர்களா?

அந்த மெஷினை நினைத்தால் புல்லரிக்கிறது. பத்து மாதமாக நான் கேட்க நினைத்ததை, ஒன்றும் தெரியாமலே கேட்டுவிட்டதே! நேற்று கண்ணாடி முன்னால் நின்று இரண்டு சொல்லையும் சொல்லிப் பார்த்தேன். சத்தமில்லாமல் சொன்னால் இரண்டுக்கும் வாய் ஒரே மாதிரிதான் அசைகிறது. நான் எதைச் சொல்கிறேன் என்று தெரிய வேண்டுமானால் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இந்தக் கடிதம் வந்து சேரும்போது நீங்கள் அங்கே இருக்கக் கூடாது. ஆளில்லை என்று திரும்பி வரட்டும். இங்கே இரண்டு பேருமாகப் பிரித்துப் படிக்கலாம்.

கிருஷாந்தி