சாமி அறை பிளக் பாயிண்டில் வைத்த முத்திரை

அனுப்புநர்:
வீட்டு மின் இணைப்புதாரரின் மனைவி
(இணைப்பு கணவர் பெயரில் உள்ளது. மீட்டர் பார்ப்பது, கட்டணம் கட்டுவது, ரசீதைப் பத்திரப்படுத்துவது எல்லாம் நான்.)
மூன்றாவது குறுக்குத் தெரு, தையல் கடைக்கு அடுத்த வீடு.

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
மின் விநியோக அலுவலகம்.

பொருள்: எங்கள் வீட்டுச் சாமி அறையை வணிக மின்னேற்ற நிலையம் என்று கருதித் தங்கள் ஆய்வாளர் வைத்த முத்திரையை அகற்றக் கோருதல்.

பார்வை: ஆய்வாளரின் செவ்வாய்க்கிழமை அறிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் இறைவன் எல்லா நலன்களையும், தடையில்லாத மின்சாரத்தையும் அருள வேண்டுகிறேன்.

சம்பவத்தின்போது எங்கள் வீட்டில் "பொதுமக்கள் பலர் கூடியிருந்தனர்" என்று அறிக்கை சொல்கிறது. அந்தப் பலர் யார் யார் என்பதை முதலில் தெரிவித்துவிடுகிறேன்.

அ) நான்.
ஆ) என் கணவர், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார்.
இ) எங்கள் மகள், நிறைமாதக் கர்ப்பிணி.
ஈ) பக்கத்து வீட்டுத் தையல்காரப் பெண். மகளுக்குத் தளர்வான உடுப்பு தைக்க அளவெடுக்க வந்தவர்.
உ) தங்கள் ஆய்வாளர்.

இவர்களைத் தவிர, வெளியூரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். அவர் பயன்படுத்தியது அந்த ஊர் மின்சாரம். ஆண்டவனும் இருந்தார். அவர் சாட்சி சொல்ல அலுவலகத்துக்கு வரமாட்டார் என்பதால் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

1. மின்சாரக் காரை நாங்கள் பவிசுக்காக வாங்கவில்லை. கருவுற்ற நாள் முதல் பெட்ரோல், டீசல் வாடை பட்டாலே மகளுக்குக் குடலைப் புரட்டுகிறது. டாக்ஸியில் மருத்துவமனைக்கு அழைத்துப்போனோம், தெருமுனையைத் தாண்டவில்லை. அந்த ஓட்டுநர் இன்றும் எங்களைக் கண்டால் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார். "இன்னொரு தடவை டாக்ஸில ஏத்தினீங்கன்னா, நான் வீட்லயே பெத்துக்கறேன்" என்று மகள் சொல்லிவிட்டாள். சொன்னால் செய்யக்கூடியவள், அப்பாவின் பிடிவாதம். ஆகவே பழைய காரை விற்று, கையிருப்பையும் போட்டு இதை வாங்கினோம்.

2. இந்தக் காரில் வாடையும் இல்லை, சத்தமும் இல்லை. முதல் நாள் வண்டி கிளம்பிவிட்டதா இல்லையா என்று என் கணவருக்கே தெரியவில்லை. "எறங்கி ஓடுதான்னு பாரும்மா" என்றார். இறங்கிப் பார்த்தேன். நான் இல்லாமலே போய்விட்டது. திரையில் தெரியும் மின்னிருப்புச் சதவீதத்தை அவர் பரீட்சை மதிப்பெண்ணாகவே பார்க்கிறார். எண்பதுக்குக் கீழே இறங்கினால் முகம் வாடும், ஐம்பதுக்குக் கீழே போனால் யாரிடமும் பேச்சு இல்லை. குளிர்சாதனம் போட்டால் மதிப்பெண் குறையும். ஜன்னலைத் திறந்தாலும் எதிர்க்காற்று இழுத்துக் குறையுமாம். ஆக, விலை உயர்ந்த காருக்குள் நாங்கள் இட்லிப் பானையில் வைத்ததுபோல் வெந்துகொண்டு போகிறோம். இருந்தும் மகளுக்கு ஒருமுறைகூட வாந்தி வரவில்லை. அந்த ஒன்றுக்காக எவ்வளவு வேண்டுமானாலும் வேகலாம்.

3. இந்தக் காருக்குச் சாதாரண பிளக் ஆகாது. கூடத்தில் இருந்ததில் போட்டுப் பார்த்தோம். பிளக் சூடாகி, உருகி, என் கணவரின் ஒரு பக்கப் புருவத்தையும் எடுத்துக்கொண்டது. பெரிய பதினைந்து ஆம்பியர் பிளக் பாயிண்ட் எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான். அது சாமி அறையில் இருக்கிறது. எங்களுக்கு முன் குடியிருந்தவர் அந்த அறையில் ஐஸ்கிரீம் பெட்டி வைத்திருந்தார். ஐஸ்கிரீம் இருந்த இடத்தில் இப்போது ஆண்டவன் இருக்கிறார். எனவே கேபிள் விளக்குக்குப் பக்கத்தில் தொடங்கி, ஜன்னல் வழியாக இறங்கி, வாசலில் நிற்கும் காருக்குப் போகிறது.

4. இப்போது அறிவிப்புப் பலகைக்கு வருகிறேன். எல்லா வம்பும் அதனால்தான். என் கணவர் வெளியே போய்வந்த செருப்போடு நேராகச் சாமி அறைக்குள் நுழைந்து பிளக்கைச் செருகுவார். வாயால் சொன்னால், "எனக்கே பாடம் எடுக்கறியா?" என்பார். முப்பது வருடம் வகுப்பில் நின்றவருக்கு வீட்டில் யாரும் எதுவும் சொல்லக் கூடாது. ஆனால் எழுதி ஒட்டியதற்குக் கட்டுப்படுவார், பள்ளிக்கூடப் பழக்கம். ஆகவே அவரைக் குறிப்பிடாமல், பொது அறிவிப்பு போலவே அட்டையில் எழுதி ஜன்னலுக்கு மேலே மாட்டினேன்:

"மின்னேற்றம் செய்ய வருவோர் கவனத்திற்கு. செருப்பை வாசலில் விடவும். கை கால் கழுவி வரவும். அமைதி காக்கவும்."

அன்று முதல் அவர் ஒழுங்காகக் கால் கழுவுகிறார். முப்பது வருட இல்லறத்தில் என்னால் ஆகாததை ஒரு பேட்டரி செய்துகொடுத்தது. இறைவன் எந்த வழியாகவும் வருவான் என்று எண்ணி மகிழ்ந்திருந்தேன்.

5. செவ்வாய்க்கிழமை மதியம் எங்கள் வாசலில் ஒரு மின்சார ஸ்கூட்டர் உயிரை விட்டது. அதைத் தள்ளிக்கொண்டு நின்ற பையன் வேர்த்து விறுவிறுத்திருந்தான். (மன்னிக்கவும், அப்போது அவர் தங்கள் ஆய்வாளர் என்று எனக்குத் தெரியாது. இனி மரியாதையாகவே எழுதுகிறேன்.) "அம்மா, வண்டி செத்துப்போச்சு. கொஞ்ச நேரம் சார்ஜ் போட்டுக்கட்டுமா?" என்றார். எங்கள் காரின் கேபிளைப் பிடுங்கிவிட்டு இடம் கொடுத்தேன். அவர் அட்டையைப் படித்தார். செருப்பை விட்டார். குழாயடியில் கை கால் கழுவினார். பிளக்கைச் செருகிவிட்டு, கண்ணை மூடிச் சற்று நேரம் நின்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து விளக்குத் தட்டில் வைத்தார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா!" என்று மகளிடம் சொல்லி நான் கண் கலங்கியதற்குத் தையல்காரப் பெண் சாட்சி.

6. அவரை வாசலில் உட்கார வைத்து எலுமிச்சைச் சாறு கொடுத்தேன். ஸ்கூட்டர் முழுதாக ஏறும்வரை உட்கார்ந்திருந்தார். ஏறி முடிந்ததும் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, என் அறிவிப்பைப் படம் எடுத்தார்.

"அம்மா, இது கமர்ஷியல்" என்றார்.

"எது தம்பி?"

"வீட்டு லைன்ல வெளி வண்டிக்கு சார்ஜ் போடறீங்க."

"எந்த வெளி வண்டிக்கு?"

அவர் தம் ஸ்கூட்டரைக் காட்டினார்.

"அது உங்க வண்டிதானே தம்பி?"

"வரும்போது லஞ்ச் டைம், மேடம். இப்ப நான் டியூட்டியில இருக்கேன்."

உள்ளே வரும்போது அம்மாவாக இருந்த நான், வேலை நேரம் தொடங்கியதும் மேடம் ஆனேன். "ஏன் தம்பி, அக்கா ஜூஸ் கொடுத்தாங்களே, அதையும் ஓட்டல்னு எழுதிக்கயேன்" என்றார் தையல்காரப் பெண். அவர் கேலியாகச் சொன்னதை ஆய்வாளர் அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு முத்திரை வைப்பதற்காக மறுபடியும் செருப்பை விட்டு, மறுபடியும் கை கால் கழுவி, சாமி அறைக்குள் போய், பிளக் பாயிண்டில் கம்பி சுற்றிச் சிவப்புத் தாளை ஒட்டினார். அந்த ஒழுக்கத்துக்கு என் மனமார்ந்த நன்றியைப் பதிவு செய்கிறேன்.

7. அறிக்கையில் உள்ள குற்றச்சாட்டுகளுக்கு என் பணிவான விளக்கம்:

"வாடிக்கையாளர் அமர இருக்கை வசதி உள்ளது." அது மகளின் நாற்காலி. அவளால் தரையில் உட்கார முடியாது. உட்கார்ந்தால் இருவர் சேர்ந்து தூக்க வேண்டும்.

"குளிர்பானம் வழங்கப்படுகிறது." குடித்தவர் ஒருவரே. அவர் யார் என்பது அறிக்கையின் கீழே உள்ள கையொப்பத்தில் தெரியும்.

"கட்டணம் ரொக்கமாக, தட்டில் வசூலிக்கப்படுகிறது." அது சாமி தட்டு. கேட்டு வாங்கியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு வைத்ததைக் கட்டணம் என்று கண்ணைத் திறந்த பிறகு எழுதுவது நியாயமா என்பதைத் தாங்களே முடிவு செய்ய வேண்டும். நோட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னால், வைத்த தட்டிலிருந்து எடுக்கும் அதிகாரம் எனக்கில்லை. துறை நேரடியாக ஆண்டவனிடமே விண்ணப்பிக்கலாம்.

"தொடர்ந்து வணிகம் நடக்கிறது." தினமும் காலையில் விளக்கேற்றியதும் மீட்டரைப் பார்த்துக் குறித்துவைப்பது என் வழக்கம். அந்தக் குறிப்புகூடத் தேவையில்லை, தங்கள் கணினியிலேயே எங்கள் வீட்டு அளவு இருக்கிறது. கார் வந்த பிறகு ஏறியது ஒரே ஒரு காருக்கு உண்டான அளவுதான். பார்த்துக்கொள்ளவும்.

அந்த ஆய்வாளர் திட்டம் போட்டு வந்தாரா, எலுமிச்சைச் சாறு குடித்த பிறகு கடமை உணர்ச்சி பொங்கியதா என்பது எனக்குத் தெரியாது. அவர்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டாம். கல்யாணம் ஆகாத பிள்ளை என்று பேச்சுவாக்கில் தெரிந்துகொண்டேன். முடிந்தால் அவர் ஸ்கூட்டருக்கு நல்ல பேட்டரி வாங்கிக் கொடுங்கள். இல்லாவிட்டால், வண்டி நின்றுபோகும் இடத்தில் இருக்கும் ஒவ்வொரு வீட்டையும் அவர் கமர்ஷியல் ஆக்கிவிடுவார்.

8. இனி, இந்த மனுவை எழுதுவதற்கான உண்மைக் காரணம். காரில் இப்போது பத்தொன்பது சதவீதம் இருக்கிறது. மருத்துவமனை ஊரின் மறுகோடியில். போய்ச் சேரப் போதும். திரும்பி வரப் போதாது. சும்மா நின்றாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. நிற்பதற்குக்கூட இதற்குப் பசிக்கிறது. என் கணவர் சதவீதம் பார்க்கப் போய் உட்கார்ந்து உட்கார்ந்தே ஒன்றைத் தின்றுவிட்டார். ஆகவே சாவியைப் பிடுங்கி வைத்திருக்கிறேன்.

மின்னேற்ற நிலையம் ஒன்று ஊருக்கு வெளியே உண்டு. பேருந்து பிடித்துப் போய்ப் பார்த்தேன். இயந்திரத்தின்மேல் சாக்குப் பை போர்த்தியிருந்தது. காவலாளி, "அது வந்ததிலேருந்து அப்படித்தாங்க தூங்குது" என்றார். தையல்காரப் பெண் தம் கடை இணைப்பைத் தரத் தயார்தான். கொடுத்தால் தமக்கும் சிவப்புத் தாள் வந்துவிடுமோ என்று பயப்படுகிறார், பயம் நியாயமானது.

"அந்தத் தாளைப் பிச்சுப் போடு. யாரு பாக்கப் போறா?" என்று என் கணவர் நேற்று கேட்டார். கேட்டது சாமி அறையில் நின்றுகொண்டு. நான் பிய்க்கவில்லை. சட்டத்திடமும் மேலே இருப்பவனிடமும் எனக்குப் பயம் உண்டு. ஆனால், ஐயா, மகளின் வயிறு எந்த அலுவலக நேரத்துக்கும் கட்டுப்படாது என்பதையும் தாங்கள் அறிவீர்கள்.

9. ஆகவே, தாங்கள் தயவுகூர்ந்து
- முத்திரையை உடனே அகற்ற உத்தரவிடவும்,
- எங்கள் இணைப்பை வணிக இணைப்பு என்று அறிக்கையில் மாற்றியதை ரத்து செய்து வீட்டு இணைப்பாகவே தொடரவும்,
- மேல்விசாரணை வேண்டுமானால் குழந்தை பிறந்த பிறகு நடத்தவும்
தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். விசாரணைக்கு வருபவருக்கு எலுமிச்சைச் சாறு தரமாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை, தங்கள் துறையின் நடைமுறையை மதித்து.

இங்ஙனம்,
(ஒப்பம்)
இணைப்புதாரரின் மனைவி

சாட்சி: (ஒப்பம்) பக்கத்து வீட்டுத் தையல்காரர்

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: எங்கள் வீட்டு வாசல்

இணைப்பு: ஆய்வாளர் அறிக்கையின் நகல், அறிவிப்பு அட்டையின் நகல், மருத்துவர் சீட்டின் நகல்.

பின்குறிப்பு: எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும். நகல்களை மடித்துக்கொண்டிருக்கும்போதே மகளுக்கு வலி எடுத்துவிட்டது. பொய் வலி என்று முதலில் நினைத்தோம், இல்லை. காரில் உட்கார்ந்து மடியில் வைத்து எழுதுகிறேன். திரையில் பதினேழு காட்டுகிறது. என் கணவர் அதைப் பார்க்கவே இல்லை. மகள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏசி போட்டுக்கோடா கண்ணு, எவ்வளவு வேணும்னாலும் போட்டுக்கோ" என்கிறார். மனுவைத் தையல்காரப் பெண் நேரில் கொண்டுவந்து தருவார். வீட்டுச் சாவியும் அவரிடம்தான் இருக்கிறது, முத்திரையை எடுக்க வருபவருக்குத் திறந்துவிடுவார். போகும்போது மூன்று பேர். திரும்பும்போது நான்கு பேராக இருக்க ஆண்டவன் அருள்வான். அந்த நான்காவது ஆளை வழியில் நிறுத்திவைக்க முடியாது. பதிலை விரைவில் அனுப்பவும்.