நீலம் போட்ட வெள்ளை

9 ஜூன், திங்கள்

இல்லை, பொய் சொல்லவில்லை. வெளிச்சம் என்றுதான் சொன்னேன். கடையில் மஞ்சள் விளக்கு எரிவது உண்மைதானே.

காலையில் சென்னிமலையிலிருந்து ஒருவர் வந்தார். திருமலைசாமி. வேட்டி, ரப்பர் செருப்பு, நகக்கண்ணில் ஏதோ கறை. பழைய சாயலில் புதிதாகச் செய்த கிரோனோகிராஃப் கேட்டார் — டயலுக்குள் சின்னச் சின்ன வட்டங்கள் உள்ள கைக்கடிகாரம். அந்த டயலைப் பற்றி அரை மணி நேரம் பேசுவேன். கறுப்பு அல்ல, வெயிலில் வெளுத்த கரும்பழுப்பு. எண்கள் ஐம்பது வருடம் பழுத்ததுபோலச் சந்தன வெள்ளை. முட்களும் அதே. பேசினேன். அவர் தலையாட்டிக்கொண்டே கடிகாரத்தை வாசலுக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, இந்தச் சின்ன வட்டத்து முள்ளு மட்டும் நீலம் போட்ட வெள்ளையாட்டத் தெரியுதுங்களோ?"

"அது வெளிச்சம் சார். இந்த மாதிரி டயலுக்குக் கண் பழகணும்."

சிரித்தேன் வேறு. மேலாளர் பாலகோபாலும் சிரித்தார்.

"அப்படிங்களா. சரிங்க."

வாங்கிக்கொண்டு போனார்.

10 ஜூன்

விற்பதற்கு முன் நான் எடுத்த படத்தைப் பெரிதாக்கினேன். மூன்று மணிப் பக்கத்துச் சின்ன முள் — பளிச்சென்று வேறு வெள்ளை. மற்றதெல்லாம் சந்தனம். மூன்று வாரம் தினமும் கையில் எடுத்த கடிகாரம்.

11 ஜூன்

பில்லில் அவர் முகவரி: நூல் சாயப்பட்டறை. கண் பழகணும் என்று யாரிடம் சொல்லியிருக்கிறேன்!

அதைவிட, அவர் கேட்டது கேள்வியே அல்ல. பந்தியில் உப்பே இல்லாத சாம்பாரை ஊற்றினாலும் எங்கள் மாமா "உப்புக் கொஞ்சம் பத்தலீங்களோ" என்றுதான் சொல்வார். இங்கே பிறந்து வளர்ந்தவளுக்குத் தெரியாதா? டெல்லியில் இரண்டு வருடப் படிப்பு. மரியாதைக்குச் சேர்க்கும் அந்த ஓகாரத்தைச் சந்தேகம் என்று கேட்கப் பழகிவிட்டேன்.

வேட்டிக்குப் பதில் பேன்ட் போட்டு வந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பேனா?

சொல்லியிருக்க மாட்டேன்.

14 ஜூன்

பாலகோபாலிடம் சொன்னேன்.

"அவரே ஒண்ணுங் கேக்கலீங்க வர்ஷினி. நாம எதுக்கு வாயக் குடுக்கோணும்? உட்டுப்போடுங்க."

விட்டுப்போட்டேன். சொல்லிவிட்டேன் என்ற நிம்மதிகூட வந்தது — ச்சீ.

17 ஜூன்

திருமலைசாமியைப் போனில் கூப்பிட்டேன். "முள்ளு வேறதானுங்க. நீங்க சொன்னது சரி. நான்தான் பாக்காமப் பேசிப்போட்டேன்."

"வாசல்லயே தெரிஞ்சுதுங்க கண்ணு."

"அப்பறம் ஏனுங்க வாங்குனீங்க?"

"அந்தக் கரும்பழுப்புங்க. எங்க பட்டறையில எத்தன தடவ முக்குனாலும் அந்த நெறம் வர மாட்டீங்குது. பாத்ததும் உடறதுக்கு மனசில்லீங்க. உங்க மேனேசரு வேற பக்கத்துலயே நின்னாருங்க. ஒரு முள்ளுக்குப் போயி உங்கள எதுக்குங்க..."

திட்டியிருக்கலாம். மேலாளர் முன் என் முகம் வாடக்கூடாது என்று அவர் பேசாமல் இருந்திருக்கிறார். நான் அவர் வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

18 ஜூன், புதன்

கம்பெனிக்கு அனுப்பும் புகார்ப் படிவம். 'குறை தெரியவந்த நாள்' — இன்றைய தேதி போடச் சொன்னார் பாலகோபால். ஜூன் 9 என்று எழுதினேன். 'கண்டவர்' — திருமலைசாமி. 'அப்போது தரப்பட்ட பதில்' — நான் சொன்ன இரண்டு வாக்கியத்தையும் அப்படியே எழுதினேன். கீழே என் பெயர்.

பிறகு ஈரோடு பஸ் ஏறி, பெருந்துறையில் மாறி, சென்னிமலை போய், முள் மாற்றுவதற்காகக் கடிகாரத்தை அவரிடமிருந்து வாங்கி வந்தேன்.