மேசையில் கிடந்த துண்டு

அண்ணே,

இன்று காலை எழுந்ததும், வாசல்கூடத் தெளிக்காமல், முதல் வேலையாகக் கொடியில் கிடந்த உங்கள் துண்டை எடுத்து மடித்தேன். பச்சைக் கரை போட்ட வெள்ளைத் துண்டு. திரும்பத் திரும்ப சோப்புப் போட்டு அலசியும் கடலை எண்ணெய் வாசனை போகவில்லை. முகத்தருகே கொண்டுபோனதும் நம் ஆலையின் மீட்டிங் அறை வந்து நின்றது. ஒரு கால் ஆடுகிற மேசை, ஜன்னல் வழியாக வரும் புண்ணாக்குச் சூடு, எல்லாரும் "சரி சரி" என்று எழுந்திருக்கப் பார்க்கும்போது எழுந்திருக்காத நீங்கள்.

கடைசி மீட்டிங்கில் நீங்கள் விட்டுப்போன இடத்திலேயே அது பல வாரம் கிடந்தது. பெருக்க வருகிற அம்மாவும் அதைச் சுற்றித்தான் துடைத்தார். எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. நாளை மறுநாள் அதே அறையில் மறுபடி கூடுகிறோம் என்பதால் போன வாரம் நான்தான் வீட்டுக்கு எடுத்து வந்தேன், துவைத்து அண்ணியிடம் கொடுத்துவிடலாம் என்று.

மற்ற ஆண்களுக்குத் துண்டு தோளில் கிடக்கிற துணி. உங்களுக்கு அது வாக்குச்சீட்டு. பேச்சு ஆரம்பித்ததும் எடுத்து மேசையில் போடுவீர்கள். உங்களுக்குத் திருப்தியானால் திரும்பத் தோளுக்குப் போகும். மேசையில் கிடக்கிற வரைக்கும் விஷயம் முடியவில்லை. டீ கொண்டுவருகிற பையனுக்குக்கூட அது தெரியும். துண்டு மேசையில் கிடந்தால் இன்னொரு சுற்று டீ போடப் போய்விடுவான்.

கடலை போடுகிற விவசாயிகள் எல்லாரும் பங்கு போட்டு, வல்லத்திராக்கோட்டைப் பக்கம் இந்த எண்ணெய் ஆலைக் கம்பெனியை ஆரம்பித்தபோது இயக்குநர்கள் அத்தனை பேரும் ஆண்கள். ஒருவருக்கொருவர் மாமன், மச்சான், சம்பந்தி. இயக்குநர்களில் ஒரு பெண்ணாவது வேண்டும் என்று அதிகாரிகள் சொன்னதால், கீரனூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த, பி.காம். படித்த என் பெயரைச் சேர்த்தார்கள். முதல் மீட்டிங்கில் கதவோரம் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். நான் வாயே திறக்கவில்லை. முடியும்போது நீங்கள்தான் சத்தமாகச் சொன்னீர்கள்: "ஒரு பொம்பளையப் போடணும்னாக, போட்டாச்சு. பேசாம இருக்கத்தான்னா செவத்துல ஒரு படத்த மாட்டியிருக்கலாமேப்பா. டீச் செலவாச்சும் மிச்சம்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அன்றைக்கு உங்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. பிறகும் நெடுநாள் பிடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் என்ன, நீங்கள் பல விஷயத்தில் தப்பாகத்தான் இருந்தீர்கள். தினமும் கொஞ்சமாக எண்ணெய் வாங்குகிற வீடுகளுக்காகச் சின்ன பாட்டில் போடலாம் என்று நான் சொன்னபோது, "பாட்டிலு வெலைக்கு உள்ள எண்ணெ காணாது, போம்மா" என்றீர்கள். அந்தச் சின்ன பாட்டில்தான் நம்மை நிமிர்த்தியது. செக்கை ஓட்டப் பெண்களை வைக்கலாம் என்றபோதும் துண்டு மேசையில்தான் கிடந்தது. "தாவணிய உள்ள விட்டுட்டு நிக்கப் போறாளுக" என்றீர்கள். "இப்ப யாருண்ணே தாவணி போடுறா?" என்று கேட்டேன். நீங்கள் யோசித்துப் பார்த்துவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டீர்கள்.

அந்தக் குடோன் விஷயத்தில்தான் உங்களை எனக்குப் புரிய ஆரம்பித்தது.

மழைக்கு முன்னால் கடலையை மொத்தமாக வாங்கி அடுக்க இடம் தேடிக்கொண்டிருந்தோம். பழைய தலைவர் தன் சம்பந்தியின் குடோனைச் சொன்னார். கண்மாய்க் கரைக்குக் கீழே, ரோட்டை ஒட்டி, லாரி வந்துபோக வசதியான இடம். "எத்தனையோ பேரு கேட்டும் குடுக்கல, நமக்குன்னு குடுக்குறாக" என்றார். "எல்லாருக்கும் சம்மதந்தானே?" வரிசையாகத் தலைகள் ஆடின. உங்கள் துண்டு மட்டும் மேசையில்.

"என்னப்பா, ஒனக்கு என்ன?" என்றார் தலைவர்.

"மழை பேஞ்சா அங்கிட்டுத் தண்ணி எந்தப் பக்கம் வடியும்?"

"அது குடோனுய்யா, குளம் இல்ல."

"அதத்தான் கேக்குறேன்."

"யாராச்சும் உள்ள போய்ப் பாத்தீகளா?" என்று கேட்டீர்கள். யாரும் பார்த்திருக்கவில்லை. பார்க்கவும் முடியாது. சம்பந்தி கொடுக்கிற இடத்தைப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தால் அவரைச் சந்தேகப்பட்ட மாதிரி. நாளைக்கு ஒரு விசேஷத்தில் பந்தியில் எதிரெதிரே உட்கார வேண்டியவர்கள். நீங்களும் அவருக்கு ஒரு வகையில் பங்காளி. உங்களால் கேட்கத்தான் முடிந்தது, போக முடியவில்லை.

கதவோரத்திலிருந்து நான் சொன்னேன்: "நான் போய்ப் பாத்துட்டு வாரேன்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அங்கே சம்பந்தியும் இல்லை, பங்காளியும் இல்லை. நான் கீரனூர்க்காரி. எனக்கு விவரம் தெரியாது என்று விட்டுவிடுவார்கள். அந்த அறையில் எனக்கு இருந்த ஒரே வசதி அதுதான்.

போய்ப் பார்த்தேன். உள்சுவர் முழுக்கப் புதுச் சுண்ணாம்பு. மூலையில் அடுக்கியிருந்த பழைய பலகைகளை நகர்த்தினால், என் முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர் நின்ற தடம். அடுத்த மீட்டிங்கில் அதைச் சொன்னேன். தலைவர் முகம் கறுத்தது. ஆனால் சொன்னது அயலூர்ப் பெண் என்பதால் சம்பந்திகளுக்குள் சண்டை வராமல் போனது. "அந்தப் பிள்ளை பயப்படுது, விடுங்க" என்று சொல்லி, கௌரவமாக வேறு இடத்துக்கு மாறிக்கொண்டார்கள். அந்த ஐப்பசி மழையில் அந்தக் குடோனுக்குள் தண்ணீர் போய் நின்றது. நம் கடலை அங்கே இருந்திருந்தால் பூஞ்சை பிடித்திருக்கும். பூஞ்சைக் கடலையில் ஆட்டிய எண்ணெயை ஒரு முறை விற்றால் போதும், அதற்குப் பிறகு ஆலையைப் பூட்ட வேண்டியதுதான்.

அன்றைக்கு நீங்கள் என்னைப் பாராட்டவில்லை. நாற்காலியை மட்டும் காலால் தள்ளி, "அந்தக் கதவோரத்துல காத்து வராது, இங்கிட்டு வா தாயி" என்றீர்கள்.

பிறகு ஒருமுறை திருச்சியில் நடந்த பயிற்சிக்குப் போனேன். பெரிய கம்பெனிகளிலும் இதே கதைதான் என்று பேச வந்தவர் சொன்னார். ஒரே பள்ளியில் படித்து, ஒரே மாதிரி வளர்ந்தவர்கள் சுற்றி உட்கார்ந்தால் ஆபத்து எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போகும் என்றார். பெண் இயக்குநர் கட்டாயம் என்றால் முதலாளி வீட்டம்மாவையே உட்கார வைத்துக் கணக்கை முடிக்கிறவர்களும் உண்டு என்றார். நீங்கள் சொன்ன சுவர்ப் படம் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் ஒரு மாதிரி பார்த்தார்.

பழைய தலைவர் ஒதுங்கியதும் என்னைத் தலைவராக்கினார்கள். நீங்கள் என்னைத் "தலைவரம்மா" என்று இழுத்துக் கூப்பிட ஆரம்பித்தீர்கள். நான் நாலைந்து புது ஆட்களைக் கொண்டுவந்தேன். காலனியிலிருந்து ஒருவர், சுய உதவிக் குழுவிலிருந்து இரண்டு பெண்கள், இன்ஜினீயரிங் படித்துவிட்டு விவசாயம் பார்க்கிற பிரபு. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் நம் குழுவைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மீட்டிங்குகளும் சீக்கிரம் முடிந்தன. டீ ஆறுவதற்குள் எல்லாம் சரியாகிவிடும்.

அப்படித்தான் அந்த ஒப்பந்தமும் வந்தது. சென்னையில் ஒரு பெரிய கடையைச் சேர்ந்தவர்கள் நம் எண்ணெய் முழுவதையும் அவர்கள் பெயர் போட்ட பாட்டிலில் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். நம் சின்ன பாட்டிலை நிறுத்திவிட வேண்டும். வருஷம் முழுக்க வேலை, விற்கிற கவலை இல்லை. ஓடி ஓடி நான் பேசி முடித்தது. படித்துப் பாருங்கள் என்று எல்லாருக்கும் தாளைக் கொடுத்தேன். பிரபு புரட்டக்கூட இல்லை. "அக்கா பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்றான். எல்லாரும் தலையாட்டினார்கள்.

நீங்கள் துண்டை மேசையில் போட்டீர்கள்.

"இப்ப என்னண்ணே?" என்றேன். என் குரலில் எரிச்சல் இருந்தது, எனக்கே கேட்டது.

"ஒண்ணுமில்ல தலைவரம்மா. முன்னாடி எல்லாம் ஒரே சாதிசனம், ஒரே பேச்சு. இப்ப விதவிதமா மொகம் இருக்கு. பேச்சு ஒண்ணாத்தான் இருக்கு."

பிறகு, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது, புதுக்கோட்டைக்குப் போய்க் காட்டிவிட்டு வந்து பேசுகிறேன் என்று எழுந்தீர்கள். ஆலையில் எடை போடுகிற சண்முகத்தின் பைக்கில் ஏறிப் போனீர்கள். துண்டை மறந்துவிட்டுப் போகிறீர்கள் என்று நினைத்தேன். அந்த வாரமே உங்களைக் கொண்டுவந்து உங்கள் வீட்டு வாசலில் கிடத்தினார்கள்.

நீங்கள் மறந்துதான் போனீர்களா என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியவில்லை.

உங்கள் காரியம் முடிகிற வரைக்கும் ஒப்பந்தத்தைத் தள்ளிப்போட்டோம். நாளை மறுநாள் முடிவு சொல்லியாக வேண்டும். உங்கள் இடத்தையும் நிரப்ப வேண்டும். பொதுக்கூட்டம் வரை ஒருவரை நியமிக்க எங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. என் நாத்தனாரைப் போடலாம் என்று பிரபுவே சொல்லிவிட்டான். நல்ல பெண், விவரமானவள். என் பேச்சை ஒரு நாளும் மறுக்க மாட்டாள். மற்றவர்களும் அதற்குச் சரி என்றுவிட்டார்கள். எனக்குத்தான் அந்தச் "சரி" எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. அன்றைக்குச் சம்பந்தி குடோனை யாரும் போய்ப் பார்க்கவில்லை. இன்றைக்கு அக்கா கொண்டுவந்த ஒப்பந்தத்தை யாரும் படிக்கவில்லை. என் மீது இருக்கிற பிரியத்தால் என்னைச் சுற்றி ஒரு சுவர் எழும்பியிருக்கிறது. அதற்கும் புதுச் சுண்ணாம்பு அடித்திருக்கிறது.

மத்தியானம் துண்டை எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணி வெயிலில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தார். துண்டை வாங்கி, விரித்து, எண்ணெய்க் கறையை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது போகாது. அவரு ஒடம்புலயே அந்த வாசந்தான்."

"மீட்டிங்ல இதப் போட்டு எங்கள என்ன பாடு படுத்துவாக தெரியுமா அண்ணி?"

"அப்படியா? இங்க ஒரு வார்த்தை மறுத்துப் பேசுனதில்ல. கொழம்புல உப்பே போடாம வச்சாலும் தின்னுட்டு எந்திரிச்சுப் போயிருவாரு." அண்ணி சிரித்தார். "எல்லாத்தையும் ஒங்க மீட்டிங்குக்குன்னு சேத்து வச்சிருந்தாரு போல."

நானும் சிரித்தேன். பிறகு இரண்டு பேரும் சிரிப்பை நிறுத்த முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். துண்டை என்னிடமே திருப்பிக் கொடுக்க வந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "வச்சுக்கங்க அண்ணி, வாசனை இருக்குல்ல."

கிளம்பும்போது அண்ணி கேட்டார்: "அவரு எடத்துக்கு யாரப் போடப் போறீக?"

"இன்னும் முடிவாகல" என்றேன். உண்மையில், மிளகாய்க்கு நடுவே நின்று சிரித்தபோதே முடிவாகிவிட்டது.

போன பொதுக்கூட்டம் ஞாபகம் இருக்கிறதா அண்ணே? குத்தகை நிலத்தில் கடலை போடுகிற செல்வமேரி எழுந்து நின்று, கையிலிருந்த கறுப்புக் குடையை என் பக்கம் நீட்டிக் கேட்டாரே. "ஈரம் ஈரம்னு எடையில கழிக்கிறீகளே, ஈரம் பாக்குற அந்த மிஷின எங்க கண்ணு முன்னாடி வைக்க ஒங்களுக்கு என்ன கேடு? முன்னாடி இருந்தவுக மாதிரியே நீங்களும் ஆயிட்டீக!" எனக்கு அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. நீங்கள் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து சந்தோஷமாகத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்ல வாயி" என்றீர்கள். அடுத்த வாரமே மிஷினை வெளியே எடுத்து வைத்தோம். எடை போடுகிற இடத்தில் சண்டை நின்றது. முன்பு வியாபாரிக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட இப்போது நம்மிடம் வருகிறார்கள். செல்வமேரி மட்டும் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நம் சின்ன பாட்டிலை வாங்கிச் சந்தையில் விற்கிற பெண்களில் அவரும் ஒருவர். அந்த பாட்டில் நின்றால் முதலில் அடிபடப்போவது யார் என்று ஒப்பந்தம் பேசும்போது எனக்குத் தோன்றவே இல்லை.

ஒப்பந்தம் நல்லதென்றுதான் இன்னமும் நினைக்கிறேன். நல்லதாக இருந்தால் அவர் கேட்கிற கேள்விகளைத் தாங்கி நிற்கட்டும். சின்ன பாட்டிலுக்கும் ஒரு பங்கு ஒதுக்கச் சொல்லிச் சென்னைக்காரர்களிடம் மறுபடி பேச வேண்டி வரலாம். பேசலாம். நான் பேசக் கற்றுக்கொண்டது உங்களோடு சண்டை போட்டுத்தானே.

இப்போது சாயங்காலம். ஆலையிலிருந்து வறுத்த வாசனை காற்றில் வருகிறது. பிரபு போன் பண்ணி, நாத்தனார் பெயரைத் தீர்மானத்தில் எழுதிவிடவா என்று கேட்டான். பெயரை எழுதாமல் இடம் விட்டு வை என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

செல்வமேரியின் பெயரை நானே முன்மொழியப் போகிறேன். அவர் வந்து உட்கார்ந்து, தாளை வாங்கிப் படித்த பிறகுதான் ஒப்பந்தம் பேச்சுக்கு வரும். நாளைக் காலையில் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும். குடையை ஓங்குவாரோ, நாற்காலி போடுவாரோ தெரியாது. வீட்டில் இவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

அண்ணியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் ஆலைக்குள் போய், மேசையில் நீங்கள் துண்டு போடுகிற இடத்தைத் துடைத்து வைத்தேன். ஒரு குடை வைக்கத் தாராளமாகப் போதும்.