பாதிரியார் மேட்டுக்கு ஒல்லி டயர்

நவம்பர் 9

முதல் பனி. விழுந்த கையோடு கரைந்தும்விட்டது. அதற்குள் ஃபெர்னான் போன் செய்துவிட்டான். என் புருஷன் லூசியனின் தம்பி, கீழே ஊரில் கராஜ் வைத்திருப்பவன்.

"அண்ணி, ஆஸ்பத்திரிக்கு எதிர்ல இருக்கிற விடுதியில ஒரு ரூம் காலியாகுதாம். ஏப்ரல் வரைக்கும் அண்ணன் அங்கயே இருக்கட்டுமே. போன வருஷம் மாதிரி மேட்டுல மாட்டிக்கிட்டா?"

போன ஜனவரியில் டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது எங்கள் வீட்டுக்கு ஏறும் பாதிரியார் மேட்டின் நடுவில் கார் பின்னால் வழுக்கி ஓரப் பள்ளத்தில் இறங்கியது உண்மைதான். டிராக்டர் வரும்வரை லூசியன் நீலம் பாரித்த உதட்டோடு உட்கார்ந்திருந்தான். அதை நான் மறப்பேனா? ஆனால் அந்த அகல டயரை விற்று மாட்டிவிட்டவன் யார்? இதே ஃபெர்னான்!

என் புருஷன் என் வீட்டில்தான் குளிர்காலம் கழிப்பான்.

நவம்பர் 10

லூசியனும் தம்பி பக்கம்.

"எதுக்கு வம்பு, ஒதில்? வாரத்துக்கு மூணு தடவை நீ உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓட்டணுமா? நான் போயிடறேன்" என்கிறான், பட்டாணி சூப்பைக் கிண்டிக்கொண்டே. குடிக்கவில்லை.

காலையில் பார்த்தால் வாசல் கதவருகே ஒரு பை. நாலு சட்டை, ஷேவிங் சாமான், சீட்டுக்கட்டு. என்னைக் கேட்காமல் கட்டியிருக்கிறான். எனக்கு வந்த கோபத்தில் பையை எட்டி உதைத்தேன். கால்தான் வலித்தது.

நவம்பர் 14

மூன்று நாளாக இதே யோசனை. அகல டயர் பனிமேல் மிதக்கிறது, சறுக்குப் பலகை மாதிரி. ஒல்லி டயர் பனியை அறுத்துக்கொண்டு இறங்கி அடியில் இருக்கும் தரையைத் தொடும். எங்கள் மேட்டில் எனக்கு வேண்டியது அதுதான்.

இப்போது இருப்பது 18 அங்குலச் சக்கரம், டயர் 235 மில்லிமீட்டர் அகலம். 16 அங்குலத்துக்கு இறங்கி, அகலத்தை 205 ஆக்கி, டயரின் பக்கச்சுவரை உயர்த்தினால் மொத்த உயரம் அப்படியே இருக்கும். வேகமானியும் பொய் சொல்லாது. பள்ளத்தில் விழுந்தாலும் அடியை ரப்பர் வாங்கிக்கொள்ளும்.

சொந்தக்காரர் ஒருவரின் பழைய காரிலிருந்து 16 அங்குல இரும்புச் சக்கரம் நாலு கிடைத்தது. போல்ட் துளைகளை அளந்து பார்த்தேன், கச்சிதம். இனி யார் என்ன சொல்ல முடியும்?

நவம்பர் 21

சொன்னார்கள். கராஜ் முழுக்கச் சிரித்தது.

டிசம்பர் முதல் தேதிக்குள் பனி டயர் மாட்டியாக வேண்டும் என்பது சட்டம். அதனால் கல்யாண வீட்டுக் கூட்டம். அத்தனை பேர் முன்னாலும் ஃபெர்னான் என் சக்கரத்தைப் பொருத்தி ஒரு சுற்றுச் சுற்றினான். கர்ர்ர். முன் பிரேக்கின் இரும்புக் கவ்வியில் உரசியது. துளையை அளந்தவள் பிரேக்கை அளக்கவில்லை. மடச்சி.

"அண்ணி, ஒரு வழி இருக்கு. பிரேக்கைக் கழட்டி வீட்டுல வெச்சுடலாம்."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவன் முன்னாலா? செத்தாலும் மாட்டேன்.

"17 அங்குலம் போட்டுப் பாரு."

போட்டான். உரசவில்லை.

"சரி, அகலம் 235 தானே? ரோட்டை நல்லாப் பிடிக்கும்."

"காஞ்ச ரோட்டைப் பிடிக்கும். 215 போடு."

"அண்ணன் காரா, தள்ளுவண்டியா? என் லாரியைப் பாருங்க, சக்கரம்னா அப்படி இருக்கணும்."

"உன் லாரியை நீ பாரு. நான் சொன்னதைப் போடு."

பல்லைக் கடித்துக்கொண்டு போட்டான்.

டிசம்பர் 3

நல்ல பனி. ஏறிவிட்டோம்.  ஒவ்வொரு முறையும் லூசியன் அந்தப் பையைக் கார் டிக்கியில் வைக்கிறான். "திரும்ப ஏற முடியலைன்னா அப்படியே விடுதிக்குப் போயிடலாம்ல" என்கிறான். எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை.

டிசம்பர் 19

ஏறினோம். பையும் ஏறியது.

ஜனவரி 16

இதை எழுதியே ஆக வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது எதிரே கொட்டும் பனி, வெள்ளைச் சுவர் மாதிரி. ஃபெர்னான் தன் லாரியில் வந்து, "நான் முன்னால போறேன், தடம் போட்டுத் தர்றேன், பின்னாலயே வாங்க அண்ணி" என்றான். பெரிய மனசுதான், மறுக்க மாட்டேன். பாதிரியார் மேட்டின் பாதியில் அவனுடைய அகலச் சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன. லாரி மெல்ல, ராணி மாதிரி, பள்ளத்துக்குள் உட்கார்ந்தது.

"நிறுத்து, ஒதில்!" என்று லூசியன் கத்தினான்.

நிறுத்தினால் மறுபடி கிளம்ப முடியாது, நானும் ஃபெர்னான் பக்கத்தில் பள்ளத்தில்தான். நிறுத்தவில்லை. ஒரே சீராக மிதித்தேன். சக்கரம் ஒரு தரம் நழுவியது — போச்சு என்று நினைத்தேன் — அடியில் தரையைப் பிடித்தது. ஃபெர்னான் லாரிக் கண்ணாடிக்குப் பின்னால் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். ஹாரன் அடித்தேன். ஆமாம், அடித்தேன்! இரண்டு தரம்!

வீட்டில் லூசியனை அடுப்பருகே உட்காரவைத்த பிறகுதான் டிராக்டருக்குப் போன் செய்தேன். ஃபெர்னான் வந்து இறைச்சி அடைத்துச் சுட்ட அப்பம் இரண்டு தட்டு சாப்பிட்டான். டயரைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஜனவரி 18

மறுபடி ஆஸ்பத்திரி. கிளம்புமுன் வாசல் பனியை அள்ள டிக்கியைத் திறந்து மண்வாரியை எடுத்தேன். பை இல்லை. அது இருந்த இடத்தில் இரண்டு மூட்டை மணல், சக்கரம் வழுக்கினால் அடியில் போட.

உள்ளே போய் அலமாரியைத் திறந்தேன். நாலு சட்டையும் அதனதன் ஹேங்கரில் தொங்கிக்கொண்டிருந்தன.

"வர்றியா இல்லையா, நேரமாகுது!" என்று லூசியன் காரிலிருந்து கத்தினான்.