புது மாடலுக்கு இழுப்பு அதிகம்

கடல் தாண்டிப் போய்க் கார்களுக்குக் குரல் கொடுக்கும் மகாராணி, என் ஒரே அக்கா பெற்ற ஒரே மகள், செல்ல மருமகள் விசிலுக்கு, ஷோரூம்களின் சக்கரவர்த்தியும் சக்கரமே இல்லாத வண்டியைக்கூடப் பேசியே விற்றுவிடக்கூடியவனுமான உன் தாய்மாமன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்பதைத்தான் கடிதம் முழுக்கக் கேட்கப் போகிறேன், ஆகையால் அதை முதல் வரியிலேயே கேட்டு வீணாக்கவில்லை.

முதலில் வீட்டு விஷயம். அக்காவின் முட்டி வலி இப்போது மாடிப்படியில் மட்டும்தான், சமதரையில் ஓட்டப் பந்தயம் வைத்தால் கோப்பையோடுதான் திரும்புவாள். குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, ரிப்பேர்காரர் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார், அதோடு போனவர்தான். மேல்வீட்டு டீச்சர் வயலின் கற்றுக்கொள்கிறார், தெருப் பூனைகள் எல்லாம் குடிபெயர்ந்துவிட்டன. உன் அறையை அக்கா தினமும் பெருக்குகிறாள், அதில் நான் ஈரச் சட்டையைக் காயப்போட்டதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, அந்த வாரம் வீட்டில் எவ்வளவு நிம்மதி என்று உனக்குச் சொல்லி மாளாது. சரி, உலகமே காத்திருக்கும் செய்திக்கு வருகிறேன். உங்கள் கம்பெனியின் புது ஸ்போர்ட்ஸ் கார் எங்கள் ஷோரூமில் வந்து இறங்கிவிட்டது. சிவப்பு. அந்தச் சிவப்பைப் பார்த்து எதிரே இருக்கும் சிக்னல் வெட்கப்பட்டுப் பச்சையிலேயே நின்றுவிட்டது.

பழைய மாடலையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஒரு வாரம் ஆராய்ச்சி செய்தேன். பழையதற்கு ஆறு சிலிண்டர், கிளப்பினால் மூன்று தெரு தள்ளி இருக்கும் ஜன்னல் கண்ணாடிகள் மன்னிப்புக் கேட்கும். புதியதற்கு நாலே சிலிண்டர், கூடவே ஒரு டர்போ. எடை குறைவு, குதிரைசக்தி அதிகம், காலை வைத்ததும் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்கிறது. ஆனால் எஞ்சினின் சொந்தக் குரல் தையல் மிஷின் குரல், அது வெளியே தெரிந்தால் மானம் போகும் என்றுதான் நீங்கள் அங்கே உட்கார்ந்து கர்ஜனை தயாரித்து ஸ்பீக்கர் வழியாக உள்ளே விடுகிறீர்கள். இந்தச் சிங்கத்துக்குத் தொண்டை வைத்தது எங்க வீட்டுப் பொண்ணு என்று வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் அளந்துவிட்டேன். முகத்தையும் மாற்றியிருக்கிறார்கள். பழையதற்கு உருண்டை ஹெட்லைட், பொம்மையைக் கண்ட குழந்தை மாதிரி விழிக்கும். புதியதற்கு ஒடுங்கிய கண், தூங்கிப் பல நாளானவர்களின் கண். பழையதில் முன்பக்கக் கிரில் மூடிய உதடு மாதிரி இருக்கும், இதில் அது ஒரேயடியாகத் திறந்து கிடக்கிறது, பானட்டில் வேறு இரண்டு துளை. காற்றை விழுங்கும் கம்பீரம் என்று விளம்பரத்தாளில் போட்டிருக்கிறது, முதலில் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எதிரே நின்று பார்த்தால், மூக்கடைத்து வாயால் காற்றைத் தேடுகிற முகமாகத்தான் தெரிகிறது.

உனக்கு விசில் என்று பெயர் வைத்தவன் நான். சின்ன வயதில் இழுப்பு வந்தால் உன் நெஞ்சுக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு விசில் கேட்கும், பிறகு ஒரு சின்னத் தடுக்கல், பிறகு மறுபடி விசில். நீ பயந்துவிடக் கூடாதே என்று நான் ரயில் கார்டு மாதிரி துண்டைக் கொடியாக ஆட்டுவேன், நீ திணறிக்கொண்டே சிரிப்பாய், குழந்தையச் சிரிக்க வைக்காதடா தடியா என்று அக்கா என்னைத் துரத்துவாள். வளர வளர அது போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. இப்போது கேள். முதல் டெஸ்ட் டிரைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், டர்போ அடங்கும்போது மெல்லிசாக ஒரு விசில், ஒரு தடுக்கல், மறுபடி விசில். எனக்குப் பிடரி சிலிர்த்தது, அடுத்த நிமிஷம் விழுந்து விழுந்து சிரித்தேன், திருட்டுக் கழுதை தன் மூச்சையே பதிவு செய்து வண்டிக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள் என்று. ஒர்க்‌ஷாப்காரர்கள் அவர்களாகவே அந்த வண்டிக்கு விசில் என்று பெயர் வைத்துவிட்டார்கள், உன் பெயரை நான் அவர்களிடம் சொன்னதே இல்லை. உடனே உனக்கு மெசேஜ் அனுப்பினேன். நல்லா இருக்கேன் மாமா, வேலை ஜாஸ்தி, அப்புறம் பேசறேன் என்று பதில் வந்தது. வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறுபடி கேட்டேன், அதே வரி. அக்கா கேட்டாள், அவளுக்கும் அதே வரி, மாமா இருந்த இடத்தில் அம்மா. போன் போட்டால் மணி அடித்து ஓய்ந்துவிடுகிறது.

பதிவு என்றால் எப்போதும் ஒரே மாதிரி கேட்க வேண்டும் இல்லையா. இது நாளாக நாளாக மாறியது. முதலில் ஓடி விளையாடிவிட்டு வந்த மாதிரி இருந்தது, பிறகு படி ஏறி வந்த மாதிரி, பிறகு படுத்த இடத்திலிருந்து எழ முடியாத மாதிரி. வாடிக்கையாளர் யார் காதிலும் அது விழவில்லை, அவர்களுக்குச் சிங்கம் மட்டும்தான். எங்கள் ஹெட் மெக்கானிக்கிடம் சொன்னேன், அவருக்கு ஸ்டெதஸ்கோப் என்று பட்டப்பெயர், நீட்டு ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துத்தான் எதையும் நம்புவார். ஸ்பீக்கரின் ஃபியூஸைப் பிடுங்கினார், சிங்கம் செத்துத் தையல் மிஷின் ஆனது, விசில் மட்டும் அப்படியே இருந்தது. எஞ்சினில் இடம் இடமாக வைத்துக் கேட்டார். ஸ்பீக்கர்லயும் இல்ல சார், எஞ்சின்லயும் இல்ல என்றார். அப்ப எங்கதான்யா இருக்கு என்றேன். ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, ஆஃப் பண்ணிப் பாருங்க என்றார். எஞ்சினை நிறுத்தினேன். சூடான இரும்பு ஆறும்போது டிக்டிக்கென்று சொல்லும், அந்தச் சத்தத்தோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவன் நான். இது அது இல்லை. சாவி என் கையில் இருந்தது, வண்டி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஸ்டெதஸ்கோப் டீ குடிக்கப் போகிறேன் என்று போனவர் அதற்கப்புறம் சிவப்பு வண்டிப் பக்கமே வருவதில்லை.

அக்காவிடம் இதைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்றுதான் இருந்தேன். என் வாய் இருக்கிறதே, அதற்கு ஒரு பூட்டு தயாரிக்க உங்கள் கம்பெனியால்கூட முடியாது. சாப்பிடும்போது வியாபாரப் பேச்சு வந்தது, எஞ்சினின் வலுவைச் சொல்ல நாங்கள் வழக்கமாகச் சொல்கிற மாதிரி, புது மாடலுக்கு இழுப்பு அதிகம்க்கா என்றேன். அவள் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். யாருக்கு இழுப்பு என்றாள். வண்டிக்குக்கா, மேட்டுல நல்லா இழுக்கும்னு சொன்னேன் என்றேன். அதுக்கு ஏன்டா உன் மூஞ்சி இப்படி ஆகுது என்றாள். மறுநாள் காலையில் நான் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். ஷோரூமுக்குக் கூட்டிப் போனேன், நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, சிவப்பு வண்டியின் கதவைத் திறந்து பக்கத்து சீட்டில் உட்கார வைத்தேன், எஞ்சினைக்கூடக் கிளப்பவில்லை, கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டேன். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டாள். பிறகு திரும்பி, காலியாக இருந்த டிரைவர் சீட்டின் முதுகை மேலிருந்து கீழே தடவ ஆரம்பித்தாள். உனக்கு எப்படித் தடவுவாளோ அப்படியே, உள்ளங்கையை அழுத்தி, கழுத்திலிருந்து இடுப்பு வரை. வாயில் என்னவோ முணுமுணுப்பு. விசில் மெதுவாக இறங்கியது, தடுக்கல் குறைந்தது. ஏசி ஓடவில்லை, அவள் பக்கத்துக் கண்ணாடி சுத்தமாக இருந்தது. டிரைவர் பக்கத்துக் கண்ணாடியில், நீ உட்கார்ந்தால் உன் வாய் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில், உள்பக்கமாக ஒரு வட்டம் பனித்தது, மறைந்தது, மறுபடி பனித்தது. நான் எதையும் பெரிதாக்கிச் சொல்கிறவன் என்பது ஊருக்கே தெரியும். இதை நான் ஒரு நூல்கூடப் பெரிதாக்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் வருகிறாள். வயதான கஸ்டமர், வாங்க யோசிக்கிறாங்க என்று மேனேஜரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எவ்வளவு நாள்மா யோசிப்பீங்க என்று அவர் ஒருநாள் கேட்டே விட்டார், நிதானமாத்தான் வாங்கணும் தம்பி, நீங்க போங்க என்று சொல்லிவிட்டுத் தடவிக்கொண்டே இருந்தாள். இதற்கு நடுவில் ஒரு பல் டாக்டர் வந்து அந்த வண்டியையே முன்பணம் கட்டி புக் செய்துவிட்டார். வேற சிவப்பு வருது டாக்டர் என்றேன், இதுதான் வேணும் என்கிறார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக விற்காமல் இருக்கப் பேசினேன். பழைய மாடல்தான் டாக்டர் வண்டி, ஆறு சிலிண்டர் சத்தம் சொந்தச் சத்தம், இதுல எல்லாம் இரவல், சைலன்சர்ல பின்னாடி தெரியுற நாலு குழாய்ல ரெண்டு சும்மா ஒப்புக்கு, முள் ஓடுற மீட்டரை எடுத்துட்டு டிவிய வெச்சிருக்கான், பின் சீட்டுல பொம்மைதான் உக்காரும் என்று மூச்சுவிடாமல் அடுக்கினேன். உங்கள மாதிரி உண்மை பேசுற சேல்ஸ்மேன நான் பார்த்ததில்ல, இந்த வாரக் கடைசியில எடுத்துக்கிறேன் என்று கையைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். அக்காவிடம் சொன்னேன். அவர் கையில பிள்ளையக் குடுத்துட்டு நான் எங்கடா போய் நிக்கிறது என்றாள். நேற்று அவள் போன பிறகு நான் தனியாக உள்ளே உட்கார்ந்தேன். விசில் வந்தது, தடுக்கல் வந்தது. அடுத்த விசில் வரட்டும் என்று நானும் என் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கண் இருட்டி வாய் திறந்துவிட்டது, அதற்கு அப்புறமும் வெகு நேரம் கழித்துத்தான் அது வந்தது.

எனவே கண்ணே, கிண்டல் எல்லாம் ஓரமாக இருக்கட்டும். இழுப்பு திரும்ப வந்திருந்தால் மறைக்காதே, வேலை ஓடிப்போகாது, டாக்டரிடம் போ, இன்ஹேலரைக் கைப்பையில் வை, தனியாகப் படுக்காதே, யாராவது சிநேகிதியை வந்து இருக்கச் சொல். இதை விளையாட்டுக்கு நீயே செய்திருந்தால் எனக்கு லாட்டரி விழுந்த மாதிரி சந்தோஷம், ஒத்துக்கொள், திட்ட மாட்டேன். என் பாஸ்போர்ட் மேசை மேல் எடுத்து வைத்திருக்கிறேன், வா என்றால் வருகிறேன், தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். பல் டாக்டர் வண்டியை எடுக்க வருவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை உன்னிடம் சேர்த்துவிடுவேன் என்று கூரியர்காரர் சத்தியம் செய்திருக்கிறார்.

நூறு வயது இருந்து, நூற்றியொன்றாம் வயதில் என்னோடு சண்டை போட்டு ஜெயிக்க என் ஆசீர்வாதம், அக்காவின் ஆசீர்வாதம் அவள் உள்ளங்கையில் இருக்கிறது. ஒன்றே ஒன்று மறக்காதே. மெசேஜ் அனுப்பாதே, நல்லா இருக்கேன் என்ற அந்த வரியை இனி இந்த வீட்டில் யாரும் நம்பப் போவதில்லை. இதைப் படித்த கையோடு போன் போடு. பேச முடியாவிட்டால் பேச வேண்டாம். அக்கா காதில் வைத்துக்கொண்டிருப்பாள், நீ மூச்சு விட்டால் போதும்.

இப்படிக்கு,
போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்
உன் மாமா